கிள்ளான் டீச்சரம்மா சென்ட்

பிரிக்பீல்ட்ஸ்,
30-11-1931

அண்ணி அவர்களுக்கு,

தங்கமணி நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியை நீங்கள் படிக்கமாட்டீர்கள்.

நேற்று இங்கே ஒரு வளைகாப்பு. என் பக்கத்தில் காப்பார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி வீரம்மா வந்து உட்கார்ந்தாள். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள். பிறகு என் காதுப் பக்கம் குனிந்து, ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஏங்க்கா, நீங்களும் கிள்ளான் டீச்சரம்மா சென்ட்டுதானா? நீங்க வெள்ளக்காரன் கடையிலதான் வாங்குவீங்கன்னுல்ல நெனச்சிருந்தேன்!" என்றாள். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கூடச் சிரித்துவிட்டாள்.

எனக்கு எத்தனையோ வருஷமாக ஒரே சென்ட்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பாரிசிலிருந்து கப்பலில் வரும் அந்த மொட்டு மூடிக் குப்பி. தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் அவர்கள் வாங்கித் தருவது. நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் திரும்பிப் பார்க்காமலே "புஷ்பா வந்துட்டா" என்பார்கள். இனி வீரம்மா வந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த டீச்சரம்மா யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அதாங்க்கா, வீட்டுக்காரர் தவறிப்போனவங்க. காலேஜெல்லாம் படிச்சவங்க. அத்தர் கடை பாய்க்குக் கலந்து குடுக்கிறாங்களே!" நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணி, அண்ணன் போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. பூ வைத்துக்கொள்ளக் கூடாத வீட்டிலா வாசனை வியாபாரம்?

இது போகட்டும். தீபாவளிக்கு வந்த உங்கள் மகள் குளித்துவிட்டு வந்தபோது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, தோல் உரிந்து கிடக்கிறது. "என்னடி இது?" என்றால், "அம்மா சென்ட் தடவிப் பாப்பாங்க அத்தை. அவங்க பூசிக்கக் கூடாதுல்ல" என்கிறாள். ஏதோ அடுப்பில் விறகு வைப்பதைப் போலச் சொல்கிறாள்.

அவளை அனுப்புவதாக இல்லை. ஜனவரியில் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன்.

புஷ்பவல்லி


கிள்ளான்,
4-12-1931

புஷ்பா,

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

ரப்பர் விலை விழுந்தது உனக்குப் பத்திரிகைச் செய்தி. இங்கே பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் நிறுத்தப்பட்டவள் நான். குடும்பஸ்தர்களை நிறுத்த முடியாது என்றார்கள். நான் எதில் சேர்த்தி என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்த இடங்களும் ஒவ்வொன்றாக நின்றன. சென்னைக் கல்லூரியில் நான் ரசாயனம் படித்ததை உங்கள் குடும்பம் ஒரு குறையாகவே பேசியது. கடைசியில் சோறு போட்டது அந்தக் குறைதான். பாசாரில் அத்தர் பாய் ஸ்பிரிட்டையும் எண்ணெயையும் கலக்கத் தெரியாமல் கலங்கலாக்கிக்கொண்டிருந்தார். நான் தெளிய வைத்துக் கொடுத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

உன் வாசனை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்கவில்லை. உன் அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை நாற்காலியில் மறந்துவிட்டுப் போனாய். பதினாறாம் நாள் வீட்டைக் கழுவினோம். மாலையின் வாசம், ஊதுவத்தி, அவருடைய சட்டையின் வாசம் எல்லாம் போயிற்று. அந்தக் கைக்குட்டை மட்டும் போகவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது. பிறகு ஒரு நாள் திறந்து முகர்ந்து, இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தேன். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரி கொண்டுவரும் கெனங்காப் பூ, எலுமிச்சைத் தோல், சாம்பிராணி, நீலாம் இலை எண்ணெய். பாரிஸ்காரன் என்ன போட்டான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்காது.

தங்கமணியின் கை. அதற்கும் பதில் எழுத வேண்டும். சென்ட் காகிதத்தில் ஒரு மாதிரி இருக்கும், தோலில் ஒரு மாதிரி இருக்கும். உடம்புச் சூட்டில்தான் உண்மை தெரியும். என் தோலில் பூசக் கூடாது என்ற சட்டத்தை நான் போடவில்லை. என் வளையலை உடைத்தவர்களில் நீயும் ஒருத்தி. இனி இந்தக் கையில் வாசனை கூடாது என்றீர்கள். இன்று வரை படவிடவில்லை. பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு துளி அவளுக்குத் தடவுவேன். சாயங்காலம் வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பேன். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தோல் உரிந்தது ஸ்பிரிட்டினால். தேங்காய் எண்ணெய் போட்டால் சரியாகும்.

பொங்கலுக்கு முன் அவளை ரயிலேற்றிவிடு. ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
9-12-1931

அண்ணி,

வளையலை உடைத்தது பெரியத்தை. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்தவளுக்கும் உடைத்தவளுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா கல்லூரியில் படித்தீர்கள்? அன்றைக்கு என் உள்ளங்கையிலும் கண்ணாடி குத்தியது. அதை நீங்கள் பார்க்கவில்லை.

கைக்குட்டைக் கதையைப் படித்தேன். என் அண்ணன் சாவில் நான் அழுது துடைத்த துணியிலிருந்து நீங்கள் வியாபாரம் எடுத்திருக்கிறீர்கள். அதை எழுதவும் உங்களுக்குக் கை வந்தது.

உங்கள் சரக்கை ஒரு குப்பி வாங்கி வரச் சொன்னேன். நியாயம் பார்க்கவேண்டும் அல்லவா! வலது கையில் என்னுடையது, இடது கையில் உங்களுடையது. பூசிக்கொண்டு வீட்டு வேலையைப் பார்த்தேன். என்னுடையது முதலில் சில்லென்று ஒரு குத்து, சோடாப் புட்டியைத் திறந்தாற்போல. பிறகு மெதுவாக மல்லிகையும் ரோஜாவும், ஆனால் பூக்கடைபோல அல்ல. கடைசியில் சலவை செய்து மடித்து வைத்த துணியின் வாசம். மறுநாள் ரவிக்கையில்கூட அது நிற்கும். உங்களுடையது எடுத்தவுடன் எலுமிச்சை ஊறுகாய். பிறகு கெனங்கா, கெனங்கா, கெனங்கா, மலாய்க் கல்யாணத்துக்குள் நுழைந்த மாதிரி. சமையல் முடிவதற்குள் அதுவும் இறங்கி, கடைசியில் ஏதோ ஒரு வாசம். பெயர் சொல்லத் தெரியவில்லை. நல்ல வாசம் இல்லை. போய்க் கழுவினேன்.

அசல் அசல்தான் அண்ணி. கிட்டத்தட்ட அதே மாதிரி இருப்பது என்பது அது இல்லை என்பதற்கு இன்னொரு பேர்.

தங்கமணிக்கு இங்கே வந்த பிறகு தலைவலி நின்றிருக்கிறது. தலைவலி இருந்தது உங்களுக்குத் தெரியுமா? தையல் மெஷினில் உட்கார்ந்து தலையணை உறைகளாகத் தைத்துத் தள்ளுகிறாள். உங்களைப் பற்றிக் கேட்டால் "அம்மா நல்லவங்க" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ரயிலேற்றமாட்டேன்.

புஷ்பவல்லி


கிள்ளான்,
15-12-1931

புஷ்பா,

பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று நேராகவே கேட்டிருக்கலாம். நடுவில் ஒரு சென்ட் குப்பியை இழுத்திருக்க வேண்டாம்.

உன் ஒப்பீட்டைப் படித்தேன். எந்தக் கையில் எது என்று தெரிந்துகொண்டு முகர்ந்திருக்கிறாய். அது முகர்வது இல்லை, புட்டியின் விலையை மூக்கால் படிப்பது. ஊறுகாய் என்று எழுதுமுன்பே ஊறுகாய் என்று முடிவு செய்துவிட்டாய். எங்கள் ரசாயன ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் ஒட்டிய சீசாவை எங்கள் கையில் கொடுக்கவே மாட்டார். பெயரை எடுத்துவிட்டுத் தருவார். "இப்போது சொல், இது என்ன?" என்பார்.

நானும் அதையே சொல்கிறேன். இங்கே டாக்டர் வீட்டு அம்மாள் உன்னுடைய அதே மொட்டு மூடிக் குப்பியை, பாதி தீர்ந்தது, என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு சிறு சீசாவும் என்னுடையதிலிருந்து ஒரு சிறு சீசாவும் நிரப்பி அனுப்புகிறேன். இரண்டும் ஒரே மாதிரிச் சீசா. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். எது எது என்று எனக்கு மட்டும் தெரியும். உன் சிநேகிதிகளைக் கூப்பிடு. எது போலி என்று சரியாகச் சொல்லிவிட்டால் நான் இந்த வேலையை விட்டுவிடுகிறேன், தங்கமணியும் உன்னிடமே இருக்கட்டும். தவறாகச் சொன்னாலோ, சொல்ல முடியவில்லை என்றாலோ, நீயே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் விடவேண்டும்.

அசல் அசல்தான் என்றால் உனக்கு என்ன பயம்?

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
20-12-1931

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியை எங்கள் வீட்டில் அவர்கள் படிக்கவில்லை. படிக்குமுன் கிழித்து அடுப்பில் போட்டேன். மீதியைத்தான் காட்டினேன். படித்தவர்களுக்கு எங்கே குத்த வேண்டும் என்பதும் பாடமாக இருக்கும்போலிருக்கிறது.

சம்மதிக்கிறேன். ஆனால் ஒரு மாறுதல். சிநேகிதிகள் வருவார்கள், முகர்வார்கள், பேசுவார்கள். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது தங்கமணி. இத்தனை நாளும் உங்கள் சரக்குக்கு அவள் கைதானே தராசு? இப்போது மட்டும் ஏன் வீரம்மா? பிள்ளை எதைச் சொல்கிறாளோ அதுதான் முடிவு. உங்களுடையதைச் சரியாகக் கண்டுபிடித்தால் இங்கே இருப்பாள். தவறாகச் சொன்னால், அல்லது தெரியவில்லை என்றால், அடுத்த ரயிலில் நான் கிள்ளானில் இருப்பேன். என் வாயால் உங்கள் வாசலில் நின்று "உங்கள் மகள், உங்கள் சென்ட், இரண்டும் நல்லது" என்று சொல்கிறேன்.

இதை ஒளித்து வைத்துச் செய்ய எனக்கு இஷ்டம் இல்லை. உங்கள் கடிதங்களை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் படித்தாள். அடுப்பில் போட்ட வரியைத் தவிர.

புஷ்பவல்லி


கிள்ளான்,
5-1-1932

புஷ்பா,

சம்மதம். தங்கமணியே சொல்லட்டும். நீ கேட்காவிட்டாலும் நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி இரண்டு சீசாக்களும் இருக்கின்றன. மூடியை மெழுகால் அடைத்திருக்கிறேன். மணிக்கட்டில் ஒரே ஒரு துளி. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நசுங்கிப் போகும். உன்னுடைய குப்பியை அன்று வெளியே எடுக்காதே. யாரும் வேறு வாசனை பூசிக்கொண்டு வரக் கூடாது. உன் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காளைக் கூப்பிடுவதாக இருந்தால் புகையிலையை வாசலிலேயே துப்பிவிட்டு வரச் சொல்.

தங்கமணியிடம் அவளுடைய பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொல். அவள் படுக்கிற பாயில்தான் போட்டது. நான் விரட்டவில்லை.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
18-1-1932

அண்ணி அவர்களுக்கு,

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வைத்துக்கொண்டோம். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்பதால் இங்கே பள்ளிக்கூடத்து ஜோசஃபின் டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அவர் பொய் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவார்.

வந்தவர்கள் ஜோசஃபின் டீச்சர், வீரம்மா, மாரியாயி அக்கா. வீரம்மாவை நான் வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். எல்லார் வலது கையிலும் சிவப்பு நூல் சீசாவிலிருந்து ஒரு துளி, இடது கையில் வெள்ளை. காப்பி குடித்து முடியும்வரை காத்திருந்தோம். காப்பி வாசனை கலந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். அதனால் குவளைகளைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடித்தோம். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

வீரம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். "வெள்ளதான்க்கா அசல். என்னா ஒரு இது! செவப்பு நம்ம டீச்சரம்மாவோடது, எனக்குத் தெரியாதா, தெனம் பூசறேனே." என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையை முகர்ந்தாள். "இல்லக்கா, இருங்க, செவப்புத்தான் அசல்போல. இப்பத்தான் ஏறுது" என்றாள்.

"ஒம் மூக்கு மூஞ்சியில இருக்கா, புஷ்பா மூஞ்சியில இருக்கா?" என்று கேட்டார் மாரியாயி அக்கா. அவர் இரண்டு கையையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டி இருக்கு. போங்கடி, எதுக்கு இந்தக் கூத்து!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அத்தனை வருஷப் புகையிலைக்கு அப்புறம் அவருக்கு மூக்கு இருந்தால்தான் அதிசயம். ஜோசஃபின் டீச்சர் சிவப்பு கொஞ்சம் மென்மை என்றார், ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன் என்றார். எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மூச்சிலேயே சிவப்புதான் என்னுடையது. சோடாப் புட்டி குத்து அதில்தான் இருந்தது. வெள்ளையில் ஊறுகாய். நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

பிறகு தங்கமணியைக் கூப்பிட்டேன். அதுவரை அவள் உள்ளே மெஷினில் இருந்தாள். வந்து தரையில் உட்கார்ந்தாள். கையில் பூசிக்கொள்ளமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. சீசாவைத் திறந்து வெள்ளையை முகர்ந்தாள். சிவப்பை முகர்ந்தாள். மறுபடி வெள்ளை. மறுபடி சிவப்பு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டுல ஒண்ணத்தான் சொல்லணுமா அத்தை?" என்றாள்.

"ஆமாம்மா. எது ஒங்கம்மா செஞ்சதுன்னு சொன்னாப் போதும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

நான்தான் அதைச் சொன்னேன் அண்ணி. டீச்சர் சாட்சி. "தெரியலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.

அவள் வெகுநேரம் இரண்டு மூடிகளையும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "வெள்ள நூல். இதுதான் அம்மாவோடது" என்றாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள் வீரம்மா.

"மொதல்ல நல்லாத்தான் இருக்கும். பூசிக்கிட்டு வேர்த்துச்சுன்னா மத்தியானத்துக்கு நனைஞ்ச சாக்கு வாசம் வரும். பக்கத்துல ஒக்காந்திருக்கிற பிள்ள நகந்து ஒக்காரும்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். பூசிக்கொள்ளாத கையை எதற்குக் கழுவுகிறாள் என்று ஜோசஃபின் டீச்சர் என்னைக் கேட்டார்.

பூனைச் செய்தியைச் சொன்னேன். "என்ன நெறம்னு அம்மா எழுதலையா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இனி உங்கள் முறை. வெள்ளை உங்களுடையதா, இல்லையா? எது எது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன். அவள் தவறாகச் சொல்லியிருந்தால் சொன்ன சொல்லை நான் காப்பாற்றுவேன். அண்ணன்மேல் ஆணையாக உண்மையை எழுதுங்கள்.

புஷ்பவல்லி


கிள்ளான்,
22-1-1932

புஷ்பா,

வெள்ளை நூல் என்னுடையது. தங்கமணி சரியாகச் சொன்னாள்.

இந்த இரண்டு வரியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டு. இதற்குக் கீழே உள்ளது உனக்கு. கடிதங்களை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் உன் நேர்மையை இந்த ஒரு தடவை அடக்கிக்கொள்.

சிவப்பு நூலும் என்னுடையதுதான்.

டாக்டர் வீட்டு அம்மாளின் குப்பி மேசைமேல் இருந்தது. ஊற்றத்தான் எடுத்தேன். கை நின்றுவிட்டது. அதைத் திரும்ப மூடிவிட்டு, இரண்டு சீசாவையும் ஒரே பாத்திரத்திலிருந்து நிரப்பினேன். அவள் எந்த நூலைக் காட்டினாலும், அதுதான் அசல், தவறாகச் சொல்லிவிட்டாள், அனுப்பிவை என்று நான் எழுதலாம். எது எது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். தோற்க முடியாத பந்தயம் ஒன்றைக் கட்டினேன். பெயர் ஒட்டாத சீசாவைப் பற்றி உனக்குப் பாடம் சொல்லிவிட்டு இதைச் செய்தேன்.

மாரியாயி அக்காளிடம் அவர் மூக்கு நன்றாக இருக்கிறது என்று சொல். சோடாப் புட்டி, ஊறுகாய் இரண்டையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். அந்த ஆசை எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். காணவில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ரெண்டுல ஒண்ணத்தான் சொல்லணுமா அத்தை?" நீ அதைக் குழந்தை கேட்ட கேள்வியாக எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு சீசாவிலும் அம்மா என்று அவளுக்கு முகர்ந்தவுடனே தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் நான் உன் சிநேகிதிகள் முன்னால் திருடியாகியிருப்பேன். அவள் சொல்லவில்லை. "தெரியலை" என்று சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பாள். அதையும் சொல்லவில்லை. நான் எழுதியதை அவள் படித்திருக்கிறாள். எந்தப் பதிலுக்கு எந்த வீடு என்று தெரிந்தேதான் வெள்ளை நூலைச் சொன்னாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என்னிடம் வரவும் இல்லை. இவ்வளவு கச்சிதமாக நடந்துகொள்ள அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசிக்கிறேன். நீ இல்லை. நீ மனசில் உள்ளதை வாயில் வைத்திருப்பவள்.

இப்போதும் நான் "வெள்ளைதான் அசல்" என்று எழுதியிருக்கலாம். நீ நம்பியிருப்பாய். அடுத்த ரயிலில் அவள் இங்கே வந்து இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு, கேட்காமலே கையை நீட்டியிருப்பாள். அந்தக் கையை நினைத்துத்தான் எழுதவில்லை.

பேச்சுப்படி இந்த வேலையை நான் விட வேண்டும். விடமாட்டேன். பிள்ளையை நீ வைத்துக்கொள். இரண்டையும் கேட்காதே. வீரம்மாவை வழக்கம்போலச் சென்ட் வாங்க வரச் சொல்.

பூனைக்குட்டிகளில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல் நிறம். அதை அவளிடம் சொல்லலாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை குளித்துவிட்டு என் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொண்டேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். பெரியத்தையிடம் சொல்வதாக இருந்தாலும் சொல். சோதிக்க வேறு கை இந்த வீட்டில் இல்லை. முதலில் எலுமிச்சை. பிறகு கெனங்கா. நன்றாகத்தான் இருந்தது. நான் செய்தது எனக்குப் பிடித்தது. பாசாருக்கு நடந்து போய்விட்டு வந்தேன். வெயில். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து கையைச் சோற்றில் வைத்தபோது வந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு. தவறே இல்லை. நீலாம் எண்ணெய் வேர்வையில் அப்படித் திரும்புகிறது. காகிதத்தில் அது ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லை. இங்கே இருந்தபோது சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் குளித்துவிட்டுத்தான் என் பக்கம் வருவாள். சுத்தமான பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலை துவட்டிக்கொண்டே நிற்பாள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

சீதாலெட்சுமி